வாசுகி வீட்டு ரம்பங்கள்

சலீம் உள்ளே காலை வைத்ததும் வாசுகி கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "உக்காருங்க பாய்" என்றாள்.

தெருநாய் ஏதாவது நுழைந்துவிடும் என்று பூட்டுகிறாள் போல என்று அவன் நினைத்துக்கொண்டான். வெள்ளைக்காரன் காலத்துக் கைரம்பம் எங்காவது இருப்பதாகக் கேள்விப்பட்டால் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற ஆள் அவன். அன்றைக்கு ராத்திரி திருச்சியில் குவைத் விமானத்தைப் பிடிக்க வேண்டும். தவறினால் விசா போச்சு, வேலையும் போச்சு. நசீம் பானு தலையில் அடித்துக்கொண்டாள். போனில் வாசுகி, வீட்டில் ஒரு பெட்டி நிறைய ரம்பம் இருப்பதாகச் சொன்ன பிறகு பெண்டாட்டி பேச்சு எங்கே காதில் விழும்?

பீங்கான் கப் அடுக்கி அனுப்புகிற மரப்பெட்டி அது. வைக்கோலுக்கு நடுவே ரம்பங்களைப் பார்த்ததும் சலீமுக்கு வாயெல்லாம் பல்.

முதல் ரம்பத்தை எடுத்துத் துருவைத் துடைத்தான். கைப்பிடியில் பதித்திருந்த பித்தளை வில்லையைப் பார்த்தான், தகட்டின் முதுகில் முனையோரமாக இருந்த சின்ன மூக்கைத் தடவினான். அமெரிக்கச் சரக்கு, நூறு வருஷத்துக்குக் குறையாது என்றான்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க பாய்."

காது மந்தம் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து, அதையே உரக்கத் திருப்பிச் சொன்னான். வாசுகி தலையைச் சாய்த்துச் சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு அவள் முகம் வாடிப்போனது. அடுத்ததை எடுத்து நீட்டினாள்.

அதையும் சரியாகச் சொன்னான். அதற்கும் அவள் முகம் வாடியது. இப்படியே வைக்கோலிலிருந்து ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. வந்து மாட்டிக்கொண்டோமே என்று அவன் வாய்க்குள் முனகியதற்கு, தண்ணீர் எடுக்க அடுப்படிக்குப் போயிருந்த வாசுகியிடமிருந்து "அதெல்லாம் மாட்டிக்கலீங்க" என்று பதில் வந்தது. காது பாம்புக் காதாக இருக்கிறது. அப்புறம் எதற்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும்?

அவன் பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்தான். எழுந்து, பிளைட்டுக்கு நேரமாகிவிட்டது, கதவைத் திறங்கள் அக்கா என்று கெஞ்சினான். அவள் கதவை மறித்து நின்று இன்னொரு ரம்பத்தைக் கையில் திணித்தாள்.

ஜன்னலில் கனமான கம்பி. சுற்றிலும் அத்தனை ரம்பம் கிடந்தும் எல்லாம் மரம் அறுப்பவை. கத்தலாம்தான். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் அடுத்தவன் பெண்டாட்டியோடு நிற்கிறவன் கத்தினால் தெருவே கூடிவிடும். கூடியவர்கள் என்ன கேட்பார்கள் என்று நினைத்ததுமே சட்டை தெப்பலாக நனைந்தது. போனில் நசீம் பானு விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள்.

இவளிடமிருந்து தப்பித்தால் போதும் என்று ரம்பத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. வில்லையில் இருந்த பெயரை மட்டும் படித்துவிட்டு, "நாலு திருகு, பிடியில கோதுமைக் கதிர் செதுக்கியிருக்குது. இங்கிலாந்து ரம்பம். போதுமாக்கா?" என்று கத்தினான்.

"தப்பு."

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல். நாக்கு தடித்துப்போனது போல இருந்தது. சலீமுக்கு உயிரே போய் வந்தது.

"பிடி... வேற. தகடு... வேற."

சலீம் ரம்பத்தைத் திருப்பினான். பிடியின் விளிம்பை ஒட்டித் தகட்டில் ஒரு பழைய திருகுத் துளை பாதி தெரிந்தது. வேறொரு ரம்பத்தின் பிடியைக் கொண்டுவந்து யாரோ இதில் மாட்டியிருக்கிறார்கள்.

வாசுகி அப்படியே தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"எங்க வூட்டுக்காருங்க. இதெல்லாம் அவரு சேத்ததுதான். தீபாவளிக்குப் பக்கவாதம் வந்து வுழுந்தவரு, ஒரு வார்த்த பேசல. எப்படியாச்சும் பேச வைங்கன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. ரம்பத்தப் பத்தி யாராச்சும் தப்பா சொன்னா மட்டும் அவரால சும்மா இருக்க முடியாது. நீங்க என்னடான்னா எல்லாத்தயும் சரியாவே சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

எழுந்து போய்க் கதவை அகலத் திறந்துவிட்டாள். எதிர்வீட்டுப் பிரபாவைக் கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொன்னாள். திருச்சியில் கொண்டுபோய் விட்டுவிடுவான், நேரமிருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றாள். சலீம் செருப்பை மாட்டிக்கொண்டான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, திரையை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"காரு வர்றதுக்குள்ள இன்னொன்ன தப்பா சொல்லுங்க பாய்."