விரலிடுக்கில் சிவப்பு

அண்ணனின் கிடாருக்காக பெனிட்டா செய்த, இன்னும் மூடி போடாத பெட்டிக்குள் ஒரு சிவப்பு எல்.இ.டி.யும் ஒளியை உணரும் சிறு வில்லையும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. ஓங்கி மீட்டினால் விளக்கு எரியும், அந்த ஒளி வில்லையில் பட்டு ஓசை தணியும். ஜன்னலோரம் வைத்து வாசித்தபோது ஓசை எழவே இல்லை.

"ஏட்டி, எட்டாங்கிளாஸோட நின்னவளுக்கு இதெல்லாம் தேவையா? கழத்திரு. சாயங்காலம் கோயில்ல வாசிக்கணும்," என்றான் அண்ணன் ரெக்ஸ்லின்.

அவள் விளக்கையும் வில்லையையும் உள்ளங்கையால் மூடினாள். ஓசை எழுந்தது. அவன் மெதுவாகவும் ஓங்கியும் மீட்டிப் பார்த்தான். எல்லாம் ஒரே அளவில் ஒலித்தன. ஓங்கிய மீட்டலுக்கெல்லாம் அவள் விரலிடுக்கு சிவந்தது.

"வெயிலப் பாத்து ஏமாந்துதா இது? கறுப்பு டேப் ஒட்டிரு."

"ஒட்டிட்டா எரியுறது யாருக்கும் தெரியாது. இன்னொரு பாட்டு வாசிண்ணே," என்றாள், கையை எடுக்காமல்.