நான்கு ரப்பர் வாஷர்கள்

பரணில் முட்டி போட்டு உட்கார்ந்து பழைய எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி எடுத்தேன். பாத்ரூம் சீலிங்கில் வட்டமாக ஒரு ஓட்டை தெரிந்தது. அதற்கு நேர் கீழே அந்த வீட்டு அம்மா நிமிர்ந்து பார்த்தபடி நின்றிருந்தார்.

“அண்ணா, புதுசும் இதே மாதிரி சத்தம் போட்டா தேவலண்ணா” என்றார், ரகசியம் சொல்வது போல.

இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். சத்தம் வேண்டும் என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் இவர்தான்.

“ஏம்மா?”

“நான் தும்மினாக்கூட என்னன்னு வந்து நிக்கிறாரு. அழணும்னாலும் இங்கதாண்ணா வர வேண்டியிருக்கு.”

அதற்குள் கதவு திறந்தது. தட்டவில்லை, கூப்பிடவில்லை, அவருடைய கணவர் நேராக உள்ளே வந்துவிட்டார். அந்த அம்மா வெளியே போனார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

காலையில் வந்ததுமே கவனித்திருந்தேன். பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்டும் பூசியிருந்தார்கள். கதவுக்கு வெளியே, நடையில், ஒரு நாற்காலி. அதில் மடித்து வைத்த பேப்பர்.

பாத்ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்காரும் புருஷனை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

வேலையை ஒப்படைக்கும்போதே அவர் சொன்னார், சத்தம் துளியும் இருக்கக் கூடாது, ஃபேன் ஓடும்போது உள்ளே நடப்பது இங்கே உட்கார்ந்திருக்கும் தனக்குக் கேட்க வேண்டும் என்று. பணக்கார வீட்டுச் சொகுசு என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் கடைந்தெடுத்த சந்தேகப் பிராணி.

ரத்தம் கொதித்தது. அழுவதற்குக்கூட ஒரு பொம்பளைக்கு இடம் கிடையாதா?

சத்தமில்லாமல் ஃபேன் மாட்டுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. சீலிங் மரத்தோடு நேராகத் திருகக் கூடாது, அவ்வளவுதான். நடுவில் நான்கு ரப்பர் வாஷர் கொடுத்தால் அதிர்வை எல்லாம் அவை விழுங்கிக்கொள்ளும். “அந்த வாஷர்ல நாலு உங்க வாய்க்கும் மாட்டிக்குங்க” என்பாள் என் மனைவி.

அன்றைக்கு நான் அந்த நான்கையும் போடவில்லை. புது ஃபேனை வெறும் மரச்சட்டத்தில் வைத்து இறுக்கித் திருகினேன். அதற்கென்றே சட்டத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன், சரியாக அந்த நாற்காலிக்கு மேலே போகிற சட்டம்.

வேலையைக் கெடுத்துவிட்டு நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

கீழே இறங்கி சுவிட்சைப் போட்டேன். நடை முழுவதும் ‘உம்’மென்று இரைந்தது. சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பழைய மரம் சார், அப்படித்தான் இருக்கும்” என்றேன், சத்தம் கேட்டு நடைக்கு வந்த கணவரிடம். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பதிலுக்கு நாலு வார்த்தை தயாராகவும் வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. சீலிங்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஒரு உதவி பண்றீங்களா? உள்ள போய் கதவச் சாத்திட்டு, தரையில படுத்து, காலால லேசா உதைங்க. எனக்குக் கேக்குதான்னு பாக்கணும்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “எதுக்கு சார்?” என்றேன்.

“அவளுக்கு வலிப்பு வரும். போன மாசம் உள்ள விழுந்து கெடந்தா. நான் இதே நாற்காலியிலதான் உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தேன். ஃபேன் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல.” ஃபேனில் என்ன கோளாறு என்று சொல்வது போலத்தான் சொன்னார். “வலிப்பு வந்தா அவளால கூப்பிட முடியாது. கால் மட்டும் தரையில அடிச்சிக்கும். நீங்க உதைக்கிறது கேட்டதும் கதவத் தொறந்துடறேன்.”



அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாள் முழுக்க வாய் ஓயாத எனக்கு அப்போது நாக்கு எழவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட பயமாக இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு மல்லாந்து படுத்தேன்.

படுத்த பிறகுதான் சிலதெல்லாம் கண்ணில் பட்டது. வாஷ்பேசினின் அடி விளிம்பு முழுக்க ஸ்பான்ஜ் ஒட்டியிருந்தது. சுவரோரக் குழாயின் மேல் துண்டைச் சுற்றி, நூலால் பத்திருபது சுற்றுக் கட்டியிருந்தார்கள். அவசரமில்லாமல், பொறுமையாகக் கட்டிய கட்டு.

குதிகாலால் தரையை லேசாக உதைத்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை.

கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஃபேன் இரைந்துகொண்டிருந்தது.

இன்னும் கொஞ்சம் பலமாக உதைத்தேன்.

கதவு திறக்கவில்லை.