ஆறேமுக்கால் அடி எதிர்காலம்

ஜீப்பில் ஏறியதும் கைலாஷ் முதலில் கேட்டது, சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ள முடியுமா என்பதுதான். கடத்தப்படுகிறவன் கேட்கிற கேள்வியா இது என்று பகவதிப்பெருமாளுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் ஆறேமுக்கால் அடி உடம்பை மடக்கி வைக்க அந்த ஜீப்பில் இடமில்லாததும் உண்மைதான்.

"கோச் சாரா அனுப்பினார், அண்ணா?"

"ஆமா, கோச் சார்தான் அனுப்புனாரு." பெருமாள் கூசாமல் பொய் சொன்னான்.

போன் குரல் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தது. அது யாருடைய குரல் என்று அவனுக்குத் தெரியாது. "ஸ்டேடியத்துக்குப் பின்கேட்டில பையன் தனியா நிப்பான். கோச் அனுப்பினதாப் பறஞ்சா போதும், ஏறிடுவான். சாயங்காலம் ஃபைனல் முடியற வரை அவன் மலையை விட்டு எறங்கப்படாது. ஆனா உடம்புல ஒரு கீறல் விழப்படாது, நல்ல சாப்பாடு குடுக்கணும். சதிச்சேன்னா பின்ன உன் ஜீப் ஓடாது, கேட்டியா?"

அனந்தபுரி அணிக்கும் கொச்சி அணிக்கும் கூடைப்பந்து லீக்கின் இறுதிப் போட்டி அன்று. கைலாஷ் அனந்தபுரிக்காரன். நகரத்தில் தம்பானூரிலிருந்து பேட்டை வரை எந்த பேனரைப் பார்த்தாலும் 'நாளைய நட்சத்திரம்' என்று இவன் படம்தான் நின்றது. அவனை ஆடவிடாமல் செய்வது கொச்சிக்காரன் வேலை என்று பெருமாள் அப்போதே முடிவு கட்டிவிட்டான். எவன் வேலையானால் என்ன, கிடைக்கிற காசில் அவனுக்கு ஜீப் டயர் மாற்ற வேண்டியிருந்தது.

பொன்முடி மலைப்பாதை வளைவுகள் ஒவ்வொன்றிலும் கைலாஷின் தலை மேலே இடித்தது. பையன் அதற்கும் சிரித்தான். போட்டியன்று மலைக்காற்றில் ஓய்வெடுக்க கோச் அனுப்பியிருக்கிறார் என்று அவனே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். யாரையும் கூப்பிட அவனிடம் போனும் இல்லை.

"கோச் சார் கார்த்தாலயே வாங்கி வெச்சுண்டுட்டார். மனசு அலையக் கூடாதாம்."

பெருமாளின் மனைவி மங்கலம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். தொழிலாளர் வரிசையான லயத்தில் அவர்கள் வீட்டு வாசலில் குனிந்து நுழைந்தவனைப் பார்த்ததும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. முட்டை வேண்டாம் அக்கா, மோர் சாதம் போறும் என்றான். ஏணி இல்லாமலே கூரைத் தகரத்தின் ஒழுகலை அடைத்துக் கொடுத்தான். கிணற்றடிக் கொய்யாவில் உச்சியில் இருந்ததை எல்லாம் நின்றபடியே பறித்துப் போட்டான்.

சாப்பிட்டதும், கை மரத்துவிடும், கொஞ்சம் பயிற்சி செய்ய வேண்டும் என்றான். மங்கலம் தன் கொழுந்துக் கூடையைப் பலாமரத்தில் மாட்டினாள். பந்துக்குப் பதில் பம்பளிமாஸ் பழம் கிடைத்தது.

முதல் பழம் கூரையில் விழுந்தது. அடுத்தது கோழிக்கூண்டில். அதற்கடுத்தது பக்கத்து லயத்துச் சன்னலுக்குள் போய்விட்டது. கூடைக்குள் மட்டும் ஒன்றும் விழவில்லை.

"காத்து கூடுதலா இருக்கு," என்றான் பெருமாள்.

"கவலையாக்கும்," என்றாள் மங்கலம். "பிள்ளைக்க மனசு மேட்சுல கெடக்கு."

கைலாஷ் வந்து அருகில் உட்கார்ந்தான். "எப்போ கெளம்பணும் அண்ணா? மாமா முன்வரிசையில உக்காந்துண்டிருப்பார். நான் ஒருத்தன் ஆடினா போறும் அவருக்கு. இதுவரைக்கும் ஒரு மேட்ச்லகூட என்னை வெளியில உக்கார வெச்சதில்லை, தெரியுமோ?"

ஒரு மேட்ச்கூட விடாமல் ஆடியவன். அவனை ஒரு டயருக்காக மலையில் கட்டிப்போட்டிருக்கிறோமே என்று பெருமாளுக்கு வெட்கமாக இருந்தது. மங்கலம் கணவனை வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்த வளத்தியைக் கடவுள் சும்மாவா குடுத்திருக்காரு? அந்தப் பிள்ளைக்க எதிர்காலத்தைக் கெடுத்தா நாம வெளங்குவமா?"

"பின்ன ஜீப்பு?"

"ஜீப்பு போனா போட்டு. பிள்ளையைக் கொண்டு விடும்."

மலையிறக்கத்தில் பெருமாள் அப்படி ஒரு நாளும் ஓட்டியதில்லை.

அரங்கில் ஆட்டத்தின் கடைசிக் கட்டம். அனந்தபுரி நன்றாகவே முன்னால் இருந்தது. கைலாஷைக் கண்டதும் முன்வரிசையில் பட்டு ஜிப்பா போட்டிருந்த ஒருவர் எழுந்து, இவனை இறக்குங்கள் என்று கையை ஆட்டினார். அணியின் முதலாளி ஸ்ரீனிவாசன் அவர்தான் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். கைலாஷ் உள்ளே ஓடினான். நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியில் பெருமாளுக்குக் கண் நிறைந்தது.

கைலாஷ் எறிந்த முதல் பந்து நேராகக் கொச்சிக்காரன் கைக்குப் போனது. அடுத்தது ஓரத்தில் நின்ற செண்டைக்காரரின் செண்டையில் விழுந்து மேளம் நின்றது. கொச்சி மளமளவென்று புள்ளிகளைச் சேர்த்தது. மலையிறங்கிய தலைச்சுற்றலாக இருக்கும் என்று பெருமாள் தன்னைத் தேற்றிக்கொண்டபோது போன் அடித்தது. அதே குரல்தான்.

"எடா பாவி, ஆரு பறஞ்சு இவனைக் கொண்டுவந்தே? நல்லா ஜெயிச்சுக்கிட்டு இருந்தோமேடா."

பெருமாள் குழம்பினான். கொச்சி தோற்றுக்கொண்டல்லவா இருந்தது?

"முதலாளிக்கு சொந்தத் தங்கச்சி மகன். வெளியே இருத்த சம்மதிக்க மாட்டாரு. மீதி நாலு பேரை வெச்சு ஃபைனல் வரை இழுத்துட்டு வந்தேன். இந்த ஒரு நாளாவது அஞ்சு பேரா ஆடலாம்னுதானே..." குரல் உடைந்துபோனது.

பெருமாள் நிமிர்ந்து பார்த்தான். எதிரே, கோட்டுக்கு வெளியே, அனந்தபுரி அணியின் கோச் சாம்பசிவன் ஒரு கையைத் தலையில் வைத்து, மறு கையால் போனைக் காதில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

காலையில் தான் கூசாமல் சொன்னது பொய்யே இல்லை என்று பெருமாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.