மாடியில் காய்ந்த ஷார்ட்ஸ்

"தம்பி, இது வீட்ல போடுறதா, விளையாடப் போடுறதா?"

லாசரஸ் நியூஸ்பேப்பர் சுற்றைப் பிரித்து, அந்த நீல ஷார்ட்ஸைக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார். முடிச்சூர் ரோட்டில் ஸ்போர்ட்ஸ் சாமான் விற்கும் கடை அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையில் விற்பனைப் பையன் பாலு மட்டும்தான் இருந்தான்.

"யாரோடது சார்?"

"என் பையனோடது. இதே மாதிரி இன்னொண்ணு வேணும்."

பாலு இடுப்புப் பட்டியை இழுத்துப் பார்த்தான். "வீட்ல போடுறதுன்னா காட்டன் சார், இடுப்புல எலாஸ்டிக் இருக்கும். ஷட்டில், ஃபுட்பாலுக்குன்னா துணி இன்னும் லேசா இருக்கும். இது ரெண்டும் இல்ல. எலாஸ்டிக்கே கிடையாது பாருங்க. கயிறு போட்டு இறுக்கிக் கட்டணும். இல்லன்னா அலை அடிக்கிற அடியில உருவிக்கும். கோவளத்துல சர்ஃபிங் பண்றவங்க போடுறது."

"சும்மா வெளிய போகவரவும் போடலாம் இல்ல?"

"போடலாம்..." பாலு பாக்கெட்டை வெளியே இழுத்து உதறினான். கண்ணாடி மேல் பொலபொலவென்று மணல் விழுந்தது. "ஆனா இது நல்லாவே கடலைப் பாத்திருக்கு சார்."

லாசரஸ் அந்த மணலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இடுப்புல ரெண்டு பக்கமும் பிரிச்சு, துணி குடுத்துத் தெச்சிருக்காங்க. புதுசு எடுக்கும்போது ஒரு சைஸ் பெருசாவே எடுத்துக்குங்க சார்" என்றான் பாலு. அது அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. ஷார்ட்ஸைச் சுருட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

அவருடைய மூத்த மகன் அன்பு, சில வருஷங்களுக்கு முன் காலேஜ் முடித்த கையோடு நண்பர்களுடன் கோவளம் போனான். அலை இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் கரை ஒதுங்கியவனைத் தூக்கி வந்தது லாசரஸ்தான்.

அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கே, ஸ்கூல் டீச்சரான அவர் மனைவி ஞானசௌந்தரி பைபிளை எடுத்து வந்து ஹாலில் வைத்தாள். "இனிமே இந்த வீட்டு ஆளுங்க யாரும் கடல்ல கால் வெக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க." அவரும் சின்னவன் ஃபிரெடியும் கை வைத்தார்கள்.

லாசரஸ் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு நீச்சல் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதை அன்றோடு விட்டார். சொந்த அண்ணன் மகள் கல்யாண வரவேற்பு கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் என்று தெரிந்ததும், போகாமலே இருந்துவிட்டார். அண்ணன் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சௌந்தரிக்காகத்தானே என்று அதையும் விழுங்கிக்கொண்டார்.

இன்று காலை, தொட்டி நிரம்பி வழிகிறதே என்று மாடி ஏறினார். தொட்டிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், குழாய் மேல் காய்ந்துகொண்டிருந்தது இந்த ஷார்ட்ஸ். ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

கடைக்காரன் வேறு ஏதாவது சொல்லிவிட மாட்டானா என்ற நப்பாசையில்தான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதுவும் போயிற்று.

வழியெல்லாம் ஒரே யோசனை. சௌந்தரியிடம் சொல்லாமல் மறைத்துவிடலாமா? தெரிந்தால் தாங்குவாளா? ஒரு பிள்ளையை வாரிக் கொடுத்தவள்.

ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும், ஹாலில் கால் மேல் கால் போட்டுப் போன் பார்த்துக்கொண்டிருந்த ஃபிரெடியைக் கண்டதும் எல்லாம் மறந்துபோனது.

"இன்னாடா இது?" ஷார்ட்ஸை அவன் காலடியில் வீசினார்.

ஃபிரெடி எழுந்தான். முகம் வெளுத்துவிட்டது.

"சனிக்கிழமையானா அம்மாவை ஸ்பெஷல் கிளாஸுக்கு விடப் போறேன்னு பைக்கை எடுத்துகினு போற. மத்தியானம் வரைக்கும் ஆளையே காணோம். கடலுக்குத்தானே போற?"

"அப்பா, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"போறியா, இல்லையா?"

"போறேன்ப்பா. ஆனா நான் தண்ணியில எறங்குனதில்லப்பா."

பளாரென்று ஓர் அறை. ஃபிரெடியின் ஒல்லி உடம்பு சுவரில் மோதி நின்றது.

சமையலறையிலிருந்து ஞானசௌந்தரி ஓடி வந்தாள். தரையில் கிடந்த நீல ஷார்ட்ஸைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"பாத்தியா சௌந்தரி? உன் பிள்ளை நம்மள முட்டாளாக்கிட்டான்!" லாசரஸின் குரல் உடைந்தது. "உனக்குக் குடுத்த வாக்குக்காக என் கூடப்பொறந்தவனையே விட்டேன். கடல் காத்து வர்ற பக்கம் கூடத் திரும்பல. இவன் என்னடான்னா, பைபிள் மேல வெச்ச கையோட போயி..."

அவன் கையை வெடுக்கென்று பிடித்து இழுத்தார். "வா. அம்மா தலையில கை வெச்சுச் சொல்லு, இது உன்னோடது இல்லன்னு. சொல்லுடா பாப்போம்!"

ஃபிரெடி கையை உதறிக்கொண்டான். அழுதானே தவிர வாயைத் திறக்கவில்லை.

"சொல்ல மாட்டான். எப்படிச் சொல்வான்?" லாசரஸ் மறுபடி கையை ஓங்கினார்.

ஓங்கிய கையை ஞானசௌந்தரி பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைய அடிக்காதீங்க. அது என்னோடதுங்க."