வால் ரேகை

காக்கை எல்லார் பங்கையும் அள்ளிக்கொண்டு போகிறதே என்று, வால் ரேகை வைத்தால்தான் ஈசல் என எறும்பு தன் ரேஷன் கடையில் மெஷின் வைத்தது. முதல் ஆளாகப் பதிந்தது பல்லிதான். ஒரு வருஷம் பங்கு குறையாமல் கிடைத்தது.

பிறகு ஒருநாள் பூனை பாய்ந்தது. பல்லி வாலை உதறிவிட்டு உயிர் தப்பியது. புது வால் முளைக்கும்வரை இரண்டு மாதம் பட்டினி கிடந்து, கடைக்கு ஓடியது. புது வாலை மெஷினில் வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அண்ணே, நான் பல்லிண்ணே! என்னைத் தெரியலையா?"

"எனக்குத் தெரியுதும்மா. மெஷினுக்குத் தெரியணுமே! தள்ளு, பின்னால ஆளு நிக்குது."

திரும்பிப் பார்த்த பல்லி அலறியடித்துச் சுவரேறியது. பூனை, வாயிலிருந்த காய்ந்த வாலை மெஷின்மேல் போட்டது. பச்சை விளக்கு எரிந்தது.

"வாங்க பல்லியம்மா," என்றது எறும்பு, "வாரம் தவறாம வந்துடுறீங்க."