முருகன் பேரு

அடி அண்ணாமலையில் பச்சை குத்தும் கடை நடத்திய குமரேசன், வீட்டில் கலெக்டர் ஆபீஸ் வேலை என்று புளுகியிருந்தான். அன்று அப்பா ஏகாம்பரமே கடைக்குள் நுழைந்ததும் அவன் கையிலிருந்த மெஷினை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

அப்பா கதவைத் தாழிட்டார்.

"அடிச்சிடாதீங்கப்பா! படம் போடறதத் தவிர வேற எதுலயும் எனக்கு மனசு ஒட்டலப்பா!"

மகன் எதிரில் ஒருநாளும் கழற்றாத பனியனைக் கழற்றினார் அவர். நெஞ்சில் மங்கிய பச்சையில் 'எழிலரசி' என்றிருந்தது. அம்மா பெயர் வெள்ளையம்மாள்.

"முருகன் பேருன்னு உங்கம்மாகிட்ட சொல்லி வச்சிருந்தேன். இப்ப அவ எழுத்துப் படிக்க அறிவொளி வகுப்புக்குப் போறாடா. நேத்து 'எ' படிச்சுட்டா!"

குமரேசனின் மனக்கண்ணில், அந்த எழுத்துகள் மேல் ஒரு மயில் தோகை விரித்தது.

"சீக்கிரம் மறைச்சுக் குத்துடா. உன்ன கலெக்டர் ஆபீஸ்லதான் பாத்தேன்னு நானும் சொல்லிடறேன்."