ஜீவனஹள்ளி மோகினி

"இந்த அட்டையை எடுத்துடுங்க மேடம்."

சுப்ரியா திரும்பிப் பார்த்தாள். நாற்பத்தைந்து வயசு இருக்கும். கழுத்தில் சிலுவை டாலர், கையில் டிபன் பை. கண்காட்சி திறந்து முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் அதிகாரம் பண்ண ஆள் வந்தாயிற்று.

பிரேசர் டவுனில் இந்த ஹாலைப் பிடிக்க சுப்ரியா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பேய்ப்படமா, ஆளை விடும்மா என்று மூன்று இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். விடுவாளா? பெங்களூரில் எங்கெங்கே பேய்க்கதை உண்டோ அங்கெல்லாம் தேடிப்போய்க் கேட்டு, வெள்ளைப் பட்டில் சாயம் தீட்டி, பன்னிரண்டு பேய்களைத் தொங்கவிட்டிருந்தாள். ஃபேன் போட்டால் பன்னிரண்டும் அசையும். 'நாளே பா', அதாவது நாளைக்கு வா என்று கன்னடத்தில் கதவில் எழுதிவைத்தே பேயைத் திருப்பி அனுப்பிய ஊராயிற்றே, சரக்குக்கா பஞ்சம்.

ஒவ்வொரு பட்டுக்கும் பக்கத்தில் ஓர் அட்டை. பேயை யார் பார்த்தார்கள், எப்போது, விசாரித்ததில் தெரிந்த உண்மை என்ன என்று எழுதியிருந்தாள். படங்களைவிட அட்டைகள்தான் அவளுக்கு உசத்தி. ஜனங்கள் மனசிலிருந்து பேயை ஓட்டாமல் விடுவதில்லை என்று ஒரே பிடிவாதம்.

வந்தவள் விரல் நீட்டியது ஏழாவது படத்தை. ஜீவனஹள்ளி ரயில் பாதையோரம் வெள்ளைப் புடவையில், தலைவிரி கோலமாய், கால் இல்லாமல் நிற்கும் மோகினி. ஆட்டோ ஓட்டும் கோவிந்தப்பா அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாராம். அட்டையில் சுப்ரியா பளிச்சென்று எழுதியிருந்தாள்: 'ஐந்து வருடமாகப் பரவும் வதந்தி. ராத்திரி பத்து மணிக்கு நானே ஆறு முறை தனியாகப் போய் நின்று பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.'

அந்த அம்மாள் பெயர் பெட்டி, வீடு ஜீவனஹள்ளியில்தான். படம் இருக்கட்டும், அட்டை மட்டும் வேண்டாம் என்று மறுபடியும் கேட்டாள். சுப்ரியா முதலில் பொறுமையாகத்தான் விளக்கினாள். பெட்டி அசையக் காணோம். கழுத்தில் சிலுவை போட்ட அம்மாள் பேய்க்கு வக்காலத்து வாங்குகிறாளே என்று சுப்ரியாவுக்கு எரிச்சல் வந்தது. கொஞ்ச நேரத்தில் பேப்பர் நிருபர் வேறு வரப்போகிறார். இந்த அட்டையைத்தான் பெரிசாகப் போடப்போவதாகப் போனிலேயே சொல்லியிருந்தார்.

"மூணு வருஷ உழைப்பு இது. இல்லாததை இருக்குன்னு எழுத மாட்டேன். ஒரு எழுத்துகூட மாத்த முடியாது."

"ஆறு ராத்திரி தனியா நின்னீங்களே மேடம், யாராவது உங்ககிட்ட வம்பு பண்ணாங்களா?"

"இல்லை. அங்கே யாருமே வரலை."

"ஏன் வரலைன்னு யோசிச்சீங்களா?"



பெட்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அவள் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபாக்டரியில் சூப்பர்வைசர். ராத்திரி ஷிப்ட் விட்டு வருகிற பெண்களுக்கு அந்த ரயில் பாதையோரத்தை விட்டால் வேறு வழி கிடையாது. குடித்துவிட்டு அங்கே ஒரு கும்பல் நிற்கும். ஒருநாள் ஒரு பெண்ணின் துப்பட்டாவை இழுத்தார்கள், இன்னொரு நாள் அந்தப் பெண்ணையே இழுத்தார்கள். அவள் வேலையை விட்டே நின்றுவிட்டாள். போலீசில் புகார் சொல்லப் போனால், அந்த நேரத்தில் பொம்பளைகளுக்கு ரோட்டில் என்ன வேலை என்று கேட்டார்களாம்.

பெட்டிக்கு வந்ததே கோபம். வெள்ளைப் புடவையை உடுத்தி, தலையை விரித்துப்போட்டு, காலுக்குக் கறுப்பு சாக்ஸை மாட்டிக்கொண்டு இருட்டில் போய் நின்றாள். நாலே நாளில் ஏரியா காலி. அப்புறம் புது முகம் எதுவும் தென்பட்டால் மட்டும் போய் நிற்பாளாம்.

"நீங்க வந்த ஆறு நாளும் மரத்துக்குப் பின்னாடி நான்தான் துணைக்கு நின்னேன். எங்க பொண்ணுங்க அறுபது பேரு இப்போ பாட்டுப் பாடிக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க மேடம். பேய் இல்லைன்னு பேப்பர்ல வந்துச்சுன்னா, மறுநாளே அவனுங்க வந்து நின்னுடுவானுங்க."

வாசலில் நிருபர் ஷங்கர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நேராக ஏழாவது படத்துக்குத்தான் வந்தார். அட்டை அதற்குள் சுப்ரியாவின் கைப்பைக்குள் போயிருந்தது.

எங்கே மேடம் அந்த அட்டை, வதந்தி என்றீர்களே என்று கேட்டார். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றாள் சுப்ரியா.

ஷங்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ பேய் இருக்குங்கறீங்களா? நீங்களே கண்ணால பார்த்தீங்களா?"

பக்கத்தில் நின்ற பெட்டியின் பக்கம் தலையைத் திருப்பாமலே சுப்ரியா சொன்னாள்:

"பார்த்தேன் சார், ரெண்டடி தூரத்துல. ஆம்பளைங்க யாரும் ராத்திரியில அந்தப் பக்கம் போகவேண்டாம்னு கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க."